காய்ச்சல் விட்ட பின் இருதயம்

காய்ச்சல் விட்டதும் தோட்டத்திற்கும் தறிக்கும் திரும்பிவிடுவது கம்பம் பள்ளத்தாக்கு உழைப்பாளிகளின் வழக்கம். கூலி நாட்கணக்கிலும் சேலைக்கணக்கிலும் வருவதால் இதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் பரவத் தொடங்கிய கொரோனா நோயைப் பொறுத்தவரை, இவ்வழக்கத்தில் ஓர் அபாயம் மறைந்திருப்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நுரையீரலைத் தாக்கும் இந்நோய், சிலருக்கு இருதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்குகிறது. தொண்டை அடைப்பானிலும் சில வைரஸ் காய்ச்சல்களிலும் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்ததே இது. கிருமியை எதிர்த்தெழும் உடலின் தற்காப்புச் சக்தி வரம்பு மீறித் தன் தசையையே புண்படுத்துவது முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. அழற்சியுற்ற தசையால் இரத்தத்தை முழு வலுவுடன் தள்ள இயலாது; துடிப்பின் ஒழுங்கும் கெடலாம். அமெரிக்க மருத்துவமனைகளில் 2020 மார்ச் முதல் 2021 ஜனவரி வரை ஆராய்ந்ததில், கொரோனா கண்டோரில் லட்சத்துக்குச் சுமார் 150 பேருக்கும், ஏனையோரில் சுமார் 9 பேருக்கும் இவ்வழற்சி இருந்தது. அரிய நோய்தான், வந்தவருக்கோ அது அரியதன்று.

நெஞ்சுவலி, சிறு வேலைக்கே மூச்சு வாங்குதல், படபடப்பு, மயக்கம், கால் வீக்கம் ஆகியவை அறிகுறிகள். நெஞ்சு வலித்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா அருந்திப் படுத்துவிடுவோர் நம்மில் பலர். வாயுவா, இருதயமா என்பதை வீட்டுத் திண்ணையிலிருந்து தீர்மானிக்க எவராலும் இயலாது. ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை ஆகியவையே அதனைக் காட்டும். பெரியகுளம் அரசு மருத்துவமனையையோ, க. விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ தாமதமின்றி நாடுக. மயக்கமோ கடும் மூச்சுத்திணறலோ கண்டால் 108ஐ அழைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு நோய் லேசாக வந்துபோன பிறகும், இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் மீண்டும் கடுங்காய்ச்சல், சிவந்த கண், உடல் தடிப்பு, வயிற்றுவலி தோன்றி இருதயம் பாதிக்கப்படுவதுண்டு. 2020இல் சென்னையில் இத்தகைய குழந்தைகள் கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெற்றனர்.

அழற்சி உறுதியானால் ஓய்வு இன்றியமையாதது. அந்நிலையில் கடின உழைப்பில் இறங்குவது திடீர் மரணத்திற்கும் வழிகோலலாம். விளையாட்டு வீரர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத ஓய்வு விதிப்பது வைத்தியர் வழக்கம். சின்னமனூரில் வாழைத்தார் சுமப்பவரும், சக்கம்பட்டியில் நாள் முழுதும் தறி மிதிப்பவரும் வீரரினும் குறைந்த உழைப்பினரோ? ஆனால் வீரருக்குக் கிடைக்கும் ஓய்வை இவர்களுக்கு யார் தருவார்? வைத்தியர் சீட்டுடன் வரும் அங்கத்தினரின் கடன் தவணையைச் சில மாதம் தள்ளிவைப்பதையும், அவர் வீட்டுத் தறிக்குரிய நூலைக் குடும்பத்தில் பிறர் பெயரில் வழங்குவதையும் நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேனும் ஆலோசிக்க வேண்டுகிறோம்.