மனத்தைத் திருப்பிக் கொணரும் பயிற்சி

பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவருக்குக் கணிதம் கற்பிக்க ஆசிரியர் உளர். பொருளியல் கற்பிக்க ஆசிரியர் உளர். இப்பாடங்கள் அனைத்தையும் கற்பதற்குக் கருவியாக அமைந்தது மனம். அம்மனத்தைக் கையாளும் முறையைக் கற்பிக்கும் வகுப்பு மட்டும் நெடுங்காலம் கல்லூரிகளில் இடம் பெறவில்லை. 'கவனமாகப் படி' என்று சொல்லாத பெற்றோர் இல்லை. கவனம் சிதறும்போது அதனைத் திருப்பிக் கொணரும் வழியைச் சொல்லிக் கொடுத்தவரோ மிகச் சிலர். இக்குறையை நீக்கும் பொருட்டு, மன விழிப்புப் பயிற்சி என்றும் வாழ்க்கைத் திறன் பயிற்சி என்றும் இரு வகைப் பயிற்சிகளைப் பல பல்கலைக்கழகங்கள் இன்று அளித்து வருகின்றன. அவை எத்தகையன, அவற்றால் விளையும் பயன் யாது, அவற்றின் எல்லை எது என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

தாயகம் விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு இது நெருக்கமான பொருள். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அவ்வூர்களிலேயே கல்லூரியில் சேர்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து தனியே வந்து விடுதியில் தங்கிப் பயில்வோரும் பலர். பதினேழு, பதினெட்டு வயதில் இவர்கள் புதிய பாடம், புதிய ஊர், புதிய மொழி ஆகிய மூன்றையும் ஒரே மாதத்தில் எதிர்கொள்கின்றனர். வகுப்பில் ஆங்கிலம், மெஸ்ஸிலும் கடைத்தெருவிலும் இந்தியோ, மராத்தியோ, வங்காளமோ, தமிழ் பேசக் கிடைப்பது இரவில் தொலைபேசியில் மட்டும். அப்போதும் 'சாப்பிட்டாயா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்பதும், 'எப்படி இருக்கிறாய்?' என்றால் 'நன்றாக இருக்கிறேன்' என்பதுமாகப் பேச்சு முடிந்துவிடுகிறது. அவ்விடைக்குப் பின்னால் மறைந்திருப்பதைப் பெற்றோர் அறிவதில்லை.

மறைந்திருப்பது சில வேளைகளில் மிகக் கொடியதாகவும் இருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர் 13,044 பேர். ஒவ்வொரு மரணத்திற்கும் காரணங்கள் பலவாக இருக்கலாம்; தேர்வு ஒன்றையே காரணமாகக் காட்டுவது பொருந்தாது. ஆயினும், மாணவர் மனநலத்தை அவரவர் சொந்த விஷயம் என்று விட்டுவிடலாகாது என்பதற்கு இந்த எண் போதிய சான்றாகும்.

முதலில் மன விழிப்பு என்பது யாது எனக் காண்போம். பௌத்த நூல்களின் மொழியாகிய பாலியில் 'ஸதி' என்றொரு சொல் உண்டு. 'ஸ்மிருதி' என்னும் வடசொல்லின் இனத்தது அது. நினைவு, மறவாமை என்பது பொருள். இப்பயிற்சியை விளக்கும் முதன்மையான சூத்திரம், இன்றைய டில்லியையும் அரியானாவையும் சூழ்ந்திருந்த குரு நாட்டில் புத்தரால் அருளப்பெற்றது என்பது மரபு. இலங்கையில் அரசுப் பணியாற்றிப் பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1881ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இச்சொல்லுக்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆண்டார். இன்று உலகெங்கும் வழங்குவது அச்சொல்லே. தமிழருக்கும் இக்கருத்து புதிதன்று. திருக்குறளின் 54ஆம் அதிகாரத்தின் பெயர் 'பொச்சாவாமை'. பொச்சாப்பு என்றால் மறதி. செய்ய வேண்டியதை மறவாது விழிப்புடன் இருத்தலே பொச்சாவாமை.

இப்பயிற்சி மடங்களிலிருந்து கல்லூரிகளுக்கு வந்த வழி சுவையானது. பர்மாவின் கணக்குத் துறைத் தலைவராக இருந்த ஊ பா கின் என்பவர், இல்லறத்தாருக்கும் அலுவலருக்கும் விபாசனா தியானத்தைக் கற்பித்தார். மண்டலே நகரில் இந்திய வணிகக் குடும்பத்திற் பிறந்த கோயங்கா அவரிடம் பயின்று, 1969ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து பத்து நாள் வகுப்புகளை நடத்தலானார். நாசிக் அருகே இகத்புரியில் உள்ள நிலையம் அவரால் உருவானது. அமெரிக்காவிலோ, மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979ஆம் ஆண்டில் ஜான் கபட்-சின் என்னும் அறிஞர், தீராத வலியால் துன்புற்ற நோயாளிகளுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சமயச் சார்பின்றி எவரும் பயிலும் வண்ணம் அதனை அவர் அமைத்தார். இன்று பல்கலைக்கழகங்களில் நடைபெறும் வகுப்புகள் பெரும்பாலும் இந்த எட்டு வார முறையைத் தழுவியவையே.

பயிற்சி மிக எளியது. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தரையில் படிய அமர வேண்டும். மூச்சு உள்ளே செல்வதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். மூச்சை அடக்கவோ நீட்டவோ வேண்டியதில்லை. சில நொடிகளில் மனம் நழுவி, நாளைய தேர்வுக்கோ நேற்றைய சச்சரவுக்கோ போய்விடும். போய்விட்டது என்பதை உணர்ந்து, சலிப்பின்றி மீண்டும் மூச்சுக்குத் திருப்ப வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஐம்பது முறை ஓடினாலும் ஐம்பது முறையும் திருப்ப வேண்டும். எண்ணமே இல்லாமல் மனத்தை வெறுமையாக்குவது தான் இதன் நோக்கம் என்று பலர் எண்ணி, அது கைகூடாமையால் மனம் தளர்ந்து விட்டுவிடுகின்றனர். மனம் ஓடுவது இயல்பு. ஓடியதை அறிவதும் திரும்பி வருவதுமே பயிற்சி. தண்டால் எடுப்பவனுக்கு ஒவ்வொரு முறை எழும்போதும் தோள் வலுப்பெறுவது போல, ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் கவனம் வலுப்பெறுகிறது. இதனோடு, கால் விரல் முதல் தலை வரை உடலின் ஒவ்வோர் உறுப்பையும் முறையே உணர்ந்து வருதல், மெல்ல நடந்தவாறு அடி எடுத்து வைப்பதைக் கவனித்தல் ஆகியனவும் கற்பிக்கப்படுகின்றன.

இதனால் மாணவருக்கு நேரும் நன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இடைத்தேர்வில் ஒரு மாணவருக்கு நூற்றுக்கு முப்பது மதிப்பெண் கிடைக்கிறது. அது நிகழ்ந்த செய்தி. அடுத்த கணமே மனம் பேசத் தொடங்குகிறது: 'எனக்கு இந்தப் படிப்பு வராது, அப்பா வாங்கிய கல்விக் கடன் வீண், ஊரில் எந்த முகத்துடன் நடப்பேன்?' நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் கெடுகிறது, மறுநாள் புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கமும் ஏறுவதில்லை. நிகழ்ந்தது முப்பது மதிப்பெண். மற்றவை அனைத்தும் மனம் தொடுத்த முடிவுகள். பயிற்சி பெற்றவருக்கும் இவ்வெண்ணங்கள் எழாமற் போவதில்லை. ஆனால், 'இது ஓர் எண்ணம், இது அச்சம், இதோ என் தோள்கள் இறுகியுள்ளன' என்று அவர் கண்டு கொள்கிறார். அவ்வாறு காணும்போது செய்திக்கும் முடிவுக்கும் நடுவே சிறிது இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியில் அவர் ஆசிரியரைக் கண்டு, தாம் எவ்விடத்தில் தவறினோம் என்று கேட்கலாம்.

இதற்குச் சான்று உண்டா என வினவலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2015-16ஆம் கல்வியாண்டில் ஓர் ஆய்வு நடைபெற்றது. பங்கேற்க முன்வந்த 616 மாணவர்கள், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பகுதியினராகப் பிரிக்கப்பட்டனர். 309 பேருக்கு எட்டு வார மன விழிப்பு வகுப்பும் வழக்கமான உதவிகளும் அளிக்கப்பட்டன. எஞ்சிய 307 பேருக்கு வழக்கமான உதவிகள் மட்டும் கிடைத்தன. ஆண்டுத் தேர்வுக் காலத்தில் இரு சாராரின் மனத் துயரையும் வினாத்தாளால் அளந்தனர். வகுப்பில் சேராதவருள் 57 விழுக்காட்டினர் மருத்துவர் கருத்திற் கொள்ளத்தக்க அளவைத் தாண்டிய துயரில் இருந்தனர். வகுப்பில் சேர்ந்தவருள் அத்தகையோர் 37 விழுக்காட்டினர். முடிவுகள் 2018ஆம் ஆண்டு 'லான்செட்' குழுமத்தின் பொதுநல மருத்துவ இதழில் வெளியாயின. இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. வகுப்புகள் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே நடைபெற்றவை. வெள்ளம் வந்தபின் நீச்சல் கற்க இயலாதது போல, தேர்வுக்கு முதல்நாள் கண்ணை மூடி அமர்வதால் இப்பயன் கிட்டாது.

இனி, இதன் எல்லையையும் கூறுதல் முறை. கேம்பிரிட்ஜ் ஆய்வில் கலந்து கொண்டோர் தாமே விரும்பி வந்தவர்கள். தம் மனநிலையைத் தாமே குறித்துத் தந்தவர்கள். கடுமையான மனநோய்க்கு உள்ளானவரையும், அண்மையில் உற்றாரை இழந்தவரையும் அவ்வகுப்பில் சேர்க்கவில்லை. பெருந்துயரில் இருப்பவர் கண்ணை மூடித் தம் எண்ணங்களோடு தனித்து அமர்ந்தால், துயர் மிகவும் கூடும்; அவர்களுக்குத் தேவை மருத்துவரின் உதவி. மேலும், பிரிட்டனில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிச் சிறுவரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. பள்ளிகள் வழக்கமாகக் கற்பிக்கும் மனநலப் பாடத்தைக் காட்டிலும் மன விழிப்புப் பாடம் சிறந்த பயன் எதுவும் தரவில்லை என்பதே அம்முடிவு. சிறுவரிற் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஆகவே, எல்லோரையும் வரிசையில் அமர்த்திக் கட்டாயப் பாடமாக நடத்துவது வீண்முயற்சி. விரும்புவோருக்கு, நல்ல ஆசிரியரைக் கொண்டு, சிறு குழுவில் கற்பிப்பதே தக்கது.

மன விழிப்போடு சேர்த்துக் கற்க வேண்டியவை வாழ்க்கைத் திறன்கள். முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆக்கச் சிந்தனை, ஆய்ந்து நோக்கும் சிந்தனை, கருத்தைத் தெளிவாக உரைத்தல், பிறரோடு பழகுதல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன நெருக்கடியைத் தாங்குதல் எனப் பத்துத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2019ஆம் ஆண்டில் 'ஜீவன் கௌசல்' என்ற பெயரில் இளநிலை மாணவருக்கான வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டில் அது திருத்தி அமைக்கப்பட்டது. கேட்பதற்கு இவை பெரிய பெயர்களாக இருக்கலாம். விடுதி மாணவருக்கு இவை அன்றாடக் காரியங்களாகவே வருகின்றன: வாரத்தின் பணிகளைத் தாளில் எழுதிப் பகுத்துக் கொள்ளுதல்; புரியாததைக் கூச்சமின்றிக் கேட்டல்; நள்ளிரவுக் கூட்டத்துக்கு 'இன்று வரவில்லை' என்று நண்பரிடம் சொல்லுதல்; அவ்வூர் மொழியில் நாள்தோறும் சில சொற்களைக் கற்றல்; உறங்கும் நேரத்தைக் காத்தல்.

தனி மனிதரின் திறனைப் பற்றிப் பேசும்போது நிறுவனத்தின் கடமை மறைந்துவிடலாகாது. தாங்க இயலாத சுமையை ஏற்றிவிட்டு, தாங்கும் பயிற்சியை மட்டும் அளிப்பது நீதியாகாது. டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2023ஆம் ஆண்டில் மாணவரின் சுமையைக் குறைக்கக் கருதி, ஒரு பருவத்தில் இருமுறை நடந்துவந்த இடைத்தேர்வுகளுள் ஒன்றை நீக்கியது. இதுவும் மனநலப் பணியே. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று நெறி வகுத்தது. பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர், கட்டணத்தையும் விடுதி அறையையும் விசாரிப்பது போலவே, 'இங்கே ஆலோசகர் யார்? எந்நேரத்தில் காணலாம்?' என்றும் விசாரித்தல் வேண்டும்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஆற்றக்கூடிய பணியும் ஒன்றுண்டு. ஊரிலுள்ள உறவினர் தம் பிள்ளைக்கு உள்ளூர்ப் பாதுகாவலராக நம் பெயரைப் படிவத்தில் எழுதித் தருகின்றனர். அக்கையொப்பம் வெறும் படிவமாக நின்றுவிடலாகாது. மாதம் ஒருமுறை அப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து, ஒரு வேளை உணவிட்டு, மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காமல், அவர் தம் தாய்மொழியில் மனம்விட்டுப் பேச இடம் தருவோம். உறக்கம் இல்லை, உணவில் நாட்டம் இல்லை, வகுப்புக்குப் போவதில்லை, 'நான் இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வருகிறது என்று கண்டால், அறிவுரை கூறி அனுப்பிவிடலாகாது. அருகிலேயே இருந்து, ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி மனநல உதவிப் பணியின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பிறமொழி நாட்டில் தன் துயரைத் தன் மொழியில் சொல்லக் கிடைப்பது சிறிய உதவியன்று. இவ்வெண்ணை ஒவ்வொரு மாணவரின் குறிப்பேட்டிலும் எழுதி வைப்பது நலம்.

பயிற்சியைத் தொடங்க விரும்பும் மாணவருக்கு இறுதியாக ஒரு சொல். பருவத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குக. காலையில் பல் துலக்கியவுடன் ஐந்து நிமிடம் போதும். கைப்பேசியை வேறிடத்தில் வைத்துவிட்டு, மூச்சைக் கவனித்து அமர்க. இயலுமாயின் அறைத் தோழர் ஒருவரையும் சேர்த்துக் கொள்க. துணை இருந்தால் பழக்கம் நிலைக்கும். ஒருநாள் தவறினால் மறுநாள் மீண்டும் அமர்க. எட்டு வாரம் சென்றபின், தேர்வு அறையில் வினாத்தாள் கைக்கு வந்து நெஞ்சு படபடக்கும் வேளையில், மூன்று மூச்சுகளைக் கவனித்துவிட்டு முதல் வினாவைப் படிக்கத் தொடங்குவது பழகிய செயலாக இருக்கும்.