பூனை முடியில் பச்சை ஒளி

உங்கள் வீட்டுப் பூனையின் காதோரத்தில் வட்டமாக முடி உதிர்ந்திருக்கிறதா? அவ்விடத்தில் சாம்பல் தூவியதுபோல் செதில்கள் தெரிகின்றனவா? "எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். சற்றுப் பொறுங்கள். நோய் என்னவென்று முதலில் பார்ப்போம்.

இது படர்தாமரையாக இருக்கலாம். பூனைகளில் இதைப் பெரும்பாலும் உண்டாக்குவது மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சை. முடியிலும் தோலின் மேற்புறத்திலும் உள்ள கெராட்டின் என்ற புரதமே இதன் உணவு. பூனையிடமிருந்து இது மனிதருக்கும் தொற்றும்.

இதைக் கண்டுபிடிக்க இயற்பியல் உதவுகிறது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாக் கதிரை மட்டும் விடும் கண்ணாடியை உருவாக்கினார். அந்தக் கண்ணாடி பொருத்திய விளக்கே வுட் விளக்கு. இதன் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 365 நானோமீட்டர். நம் கண் அதைக் காணாது. ஆனால் இப்பூஞ்சை முடியில் உண்டாக்கும் வேதிப்பொருள் அக்கதிரை உட்கொண்டு, ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து, மீதியை நீண்ட அலைநீளமுள்ள ஒளியாக வெளிவிடுகிறது. இருட்டறையில் அம்முடி ஆப்பிள் பச்சை நிறத்தில் ஒளிர்கிறது!

ஒளிராவிட்டால் நோயில்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. நோயுற்ற எல்லா முடியும் ஒளிர்வதில்லை. மறுபுறம், சலவைத்தூள் படிந்த நூல்கூட நீல வெண்மையாக ஒளிரும். ஆகவே கால்நடை மருத்துவர் முடியை நுண்ணோக்கியிலும் பார்ப்பார்; பூஞ்சையை வளர்த்தும் சோதிப்பார்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம்

பூனை ஓயாமல் சொறிகிறதா? ஈரமான வெள்ளைத் தாளின்மேல் அதன் முடியைச் சீப்பால் வாருங்கள். விழும் கருந்துகள்கள் கரைந்து செம்பழுப்பாகப் பரவினால் அவை தெள்ளுப்பூச்சியின் எச்சம். அந்த நிறம், பூச்சி குடித்துச் செரித்த இரத்தத்தின் நிறம். தெள்ளின் முட்டைகளும் புழுக்களும் பாயிலும் தரை இடுக்கிலும் இருக்கும். எனவே பூனைக்கு மட்டும் மருந்திட்டால் போதாது. படுக்கையை வெந்நீரில் துவைத்து, வீட்டையும் நன்கு பெருக்க வேண்டும்.

மண்ணெண்ணெய், பினாயில் ஆகியவற்றைத் தடவவே கூடாது. பூனை தன் உடலை நக்கிக்கொண்டே இருப்பதால், தோலில் தடவியது வயிற்றுக்குள்ளும் போய்விடும். நாய்க்கான தெள்ளு மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. அதன் கல்லீரலால் இதை விரைவில் சிதைக்க இயலாது. நாய்க்கு நலம் தருவது பூனையின் உயிரையே பறிக்கலாம்.

படர்தாமரை குணமாகும் நோய்தான். ஆனால் சில வாரங்கள் பொறுமை வேண்டும். அதுவரை பூனையைத் தனி அறையில் வையுங்கள். தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள். உதிர்ந்த முடியை உடனே அகற்றுங்கள். அதிலுள்ள பூஞ்சை வித்துகள் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். வாரம் ஒருமுறை முடியை விலக்கித் தோலைப் பார்க்கும் பழக்கம் இருந்தால், நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம். பூனையை வீட்டைவிட்டு விரட்டவும் நேராது.