கையெழுத்துக்குப் பின்னால் ஒரு கை

கோடை விடுமுறை வந்துவிட்டால் தில்லித் தமிழர்களுக்கு ஒரே கவலைதான்: தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்குமா? வெயிட்டிங் லிஸ்டில் மாட்டிக்கொண்டால், தெரிந்த எம்.பி. வீட்டுக்கு ஓடி, எமர்ஜென்ஸி கோட்டாவுக்கு ஒரு கடிதம் கேட்போம். கையெழுத்து எம்.பி.யுடையது. ஆனால் பி.என்.ஆர். எண்ணைச் சரிபார்த்து, கடிதத்தை அடித்து, உரிய இடத்தில் சேர்ப்பித்தவர் யார்? அவருடைய உதவியாளர்!

எங்கள் குடியிருப்பில் அப்படி ஓர் இளைஞர் இருந்தார். காலை எட்டு மணிக்கு நார்த் அவென்யூ போனால் இரவுதான் திரும்புவார். கேள்வி நேர வினாக்கள், தொகுதி மனுக்கள், ஊரிலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் என்று ஓயாத வேலை. தேர்தலில் எம்.பி. தோற்றார், இவர் வேலையும் போயிற்று. நோட்டீஸ் கிடையாது, ஒரு மாதச் சம்பளம்கூடக் கூடுதலாகக் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? எம்.பி.க்களின் ஊதியம், படிகளுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2018-இல் அலுவலகப் படி மாதம் ரூ.60,000 ஆயிற்று. அதில் ரூ.40,000 அப்போது உதவியாளருக்கு என ஒதுக்கப்பட்டது; உதவியாளருக்கான தொகையை அவை செயலகமே நேரடியாக வழங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தொகையை ஒருவருக்குக் கொடுப்பதா, பலருக்குப் பங்கிடுவதா என்பது உறுப்பினரின் விருப்பம்.

பி.எஃப். கட்டாயம் என்பது 20 பேர் வேலை செய்யும் இடத்துக்கு. கிராஜுவிட்டி 10 பேர் உள்ள இடத்துக்கு. எம்.பி. அலுவலகத்தில் இருப்பதோ இரண்டு மூன்று பேர். பதவிக் காலமும் நிச்சயமில்லை; 1996, 1998, 1999 என நான்காண்டுகளுக்குள் மூன்று பொதுத் தேர்தல்களைப் பார்த்தவர்கள் நாம். முன்னாள் எம்.பி.க்கு ஓய்வூதியம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் அது ரூ.31,000. உதவியாளருக்கு?

நான் பணியாற்றிய ரயில்வேயில், தண்டவாளப் பராமரிப்புக்கு வந்த தினக்கூலிக்குக்கூட 120 நாள் தொடர்ந்து உழைத்தால் 'தற்காலிக அந்தஸ்து' கிடைத்தது. லீவு, பாஸ் எல்லாம் அதன் பின்னே வந்தன. பிரிட்டனில் 2010 முதல் எம்.பி.க்களின் செலவைக் கவனிக்கும் தனி அமைப்பு, உதவியாளர்களுக்கும் சம்பள விகிதம், எழுத்து மூல ஒப்பந்தம், ஓய்வூதியம் ஆகியவற்றை வகுத்திருக்கிறது. எம்.பி. தோற்றால் உதவியாளருக்கு இழப்பீடும் உண்டு.

இங்கேயும் முடியாதா? எழுத்து மூல ஒப்பந்தம், செயலகம் வழியாகவே பி.எஃப்., அவை கலைந்தால் மூன்று மாதச் சம்பளம், ஓர் அனுபவச் சான்றிதழ். பெரிய செலவில்லை, சம்பளப் பட்டியல் ஏற்கெனவே செயலகத்தில்தான் இருக்கிறது.

அடுத்த முறை கடிதம் வாங்கப் போகும்போது, அதை அடித்துக் கொடுத்தவரிடமும் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள். ஊருக்குப் போய் எம்.பி.யைச் சந்தித்தால், அவருடைய உதவியாளருக்காகவும் ஒரு மனு கொடுங்கள். அந்த மனுவை மட்டும் நாமே அடித்து எடுத்துப் போவோம்!