சகேயு சொன்ன இரண்டாவது காரியம்

"பணம் இருந்தால் சந்தோஷமாக இருக்கலாமா?" எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு இந்தத் தலைப்பைத் தெரிவு செய்தபோது, ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். பதிலும் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஓய்வுநாள் பாடசாலையில் இருந்த காலம் முதல் சொல்லிவருகிற பதில்தான்: பணம் பெரிதல்ல, மனத்திருப்தியே பெரிது. அதைச் சொல்லி, ஜெபித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை லூக்கா 18ஆம், 19ஆம் அதிகாரங்களை வாசித்தோம். அடுத்தடுத்து இரண்டு பணக்காரர் இயேசுவைச் சந்திக்கிறார்கள். முதலாவது ஆள் ஒரு தலைவன், சிறு வயது முதல் கற்பனைகளைக் கைக்கொண்டவன். அவனிடம் உள்ளதையெல்லாம் விற்றுக் கொடுக்கும்படி கேட்கிறார், அவன் துக்கமடைகிறான். இரண்டாவது ஆள் எரிகோவின் சகேயு. அவன் பாதியைத்தான் கொடுக்கிறான். மீதிப் பாதி எங்கே என்று இயேசு கேட்கவில்லை. அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்துவிட்டது என்கிறார். ஒருவனிடம் முழுவதும், மற்றவனிடம் பாதியுமா? இதைப் பற்றித்தான் எங்களுக்குள் வாக்குவாதம் போய்க்கொண்டிருந்தது.

அப்போது, தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் ஒரு தம்பி பேசினார். கடைச் சமையலறையில் வேலை முடித்து நேராக வந்திருந்தார். சட்டையில் பொரித்த எண்ணெய் மணம் இன்னும் இருந்தது. "அக்கா, பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறது சரி. நாலத்தனையாத் திருப்பிக் கொடுப்பேன்னு சொன்னாரே, அது யாருக்கு?"

யாருக்கு என்று நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை. சகேயுவைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். காட்டத்தி மரம், குள்ளமான உருவம், பாதிச் சொத்து. அவன் சொன்ன இரண்டாவது காரியத்தை நாங்கள் கடந்து போயே பழகிவிட்டோம்.

மெதுவாகக் கேட்டபோது தம்பி சொன்னார். மணித்தியாலத்துக்கு 11 டொலர், காசாக, கடித உறையில். ஒன்ராறியோவில் 2025 ஒக்டோபர் 1 முதல் பொதுவான ஆகக் குறைந்த சம்பளம் 17.60 டொலர். மணித்தியாலத்துக்கு 6.60 குறைகிறது. கிழமைக்கு 20 மணித்தியாலம் என்றால் 132 டொலர். மாதக் கணக்கில் அவருடைய அறை வாடகையின் பெரும்பகுதி அது. காசாகக் கொடுத்தால் ஓய்வூதியத் திட்டத்துக்கும் வேலையிழப்புக் காப்புறுதிக்கும் எதுவும் கட்டப்படுவதில்லை. நாளைக்கு வேலை அனுபவத்தை நிரூபிக்கச் சம்பளத் துண்டும் இல்லை.

கோபப்படலாம் என்று பார்த்தால், அதற்கும் தம்பி இடம் தரவில்லை. "முதலாளி நல்லவர் அக்கா. வந்த முதல் குளிருக்கு ஜாக்கெட் வாங்கித் தந்தார். ராத்திரி சாப்பாடு கட்டித் தருவார். அவங்க சபைக்கும் நிறையக் கொடுக்கிறார்." பிறகுதான் கடையின் பெயரைச் சொன்னார். எங்கள் சபையின் விசேஷச் சாப்பாடுகள் வருவதும் அதே கடையிலிருந்துதான். ஆளுக்கு 12 டொலருக்கு மூன்று கறியும் பாயாசமும் பேசி முடித்தோம் என்று நாங்களே பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறோம்.

பணத்துக்கும் சந்தோஷத்துக்கும் சம்பந்தமில்லை என்று பேசுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டோம். எங்கள் பெற்றோரிடம் கேட்டாலே தெரியும். 83க்குப் பிறகு கையில் ஒரு பையோடு வந்து, பகலில் தொழிற்சாலை, இரவில் கட்டடங்கள் துப்புரவு என்று ஓடியவர்களுக்குப் பணம் என்பது ஆசை மட்டுமல்ல. ஊரில் இருக்கும் தங்கையைக் கூப்பிடும் வழி, அம்மாவின் மருந்துச் செலவு, இனி ஒருவரும் எங்களைத் துரத்த முடியாது என்ற நிம்மதி. ஆராய்ச்சியாளர்களும் இதில் தங்கள் பேச்சைத் திருத்திக்கொண்டவர்கள்தான். ஆண்டு வருமானம் ஏறக்குறைய 75,000 அமெரிக்க டொலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி மேலும் கூடுவதில்லை என்று 2010இல் டேனியல் கானமன், அங்கஸ் டீட்டன் இருவரும் எழுதினார்கள். 2023இல் கானமனே மத்தியூ கில்லிங்ஸ்வர்த்தோடு சேர்ந்து அதை மீண்டும் ஆராய்ந்தார். பெரும்பாலானோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது, ஏற்கெனவே மனவருத்தத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஓர் அளவுக்கு மேல் பணம் உதவுவதில்லை என்று வந்தது.

எங்கள் நாட்டிலேயே நடந்த ஒரு சின்னப் பரிசோதனையும் உண்டு. வன்கூவரில் எலிசபெத் டன் என்பவரின் குழு 46 பேருக்கு ஒரு கடித உறை கொடுத்தது. உள்ளே 5 அல்லது 20 டொலர். சிலர் தங்களுக்காகச் செலவழிக்க வேண்டும், சிலர் பிறருக்காக. மாலையில் கேட்டபோது பிறருக்குச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். தொகை எவ்வளவு என்பது வித்தியாசம் செய்யவில்லை. 2008இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்தது. 46 பேர் மிகக் குறைவுதான். ஆனாலும் காணிக்கைத் தட்டில் போடும்போது வருகிற அந்தச் சந்தோஷம் நாங்களும் அறிந்ததே.

அந்தச் சந்தோஷம்தான் இப்போது எங்களை உறுத்துகிறது. வன்கூவரில் உறைக்குள் இருந்த காசை ஆராய்ச்சியாளர்களே போட்டார்கள். அது யாருடைய வியர்வை என்ற கேள்வி அங்கே எழவில்லை. வேதம் அதைக் கேட்கிறது. கூலியாளின் சம்பளத்தை விடியும்வரை வைத்திருக்காதே என்று லேவியராகமம் 19 சொல்கிறது. உபாகமம் 24 அந்தக் கட்டளையில் அந்நியனையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. பிடித்து வைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு.

சகேயுவுக்கு வருவோம். ஏமாற்றி வாங்கியதை ஒருவன் தானாக அறிக்கையிட்டால், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணாகமம் 5. நாலத்தனை என்பது யாத்திராகமம் 22இல் ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ உள்ள சட்டம். சகேயு தன்னைத் திருடனின் வரிசையில் தானே நிறுத்திக்கொள்கிறான். எங்களில் கணக்கில் கெட்டிக்காரியான ஒரு தங்கை போனை எடுத்துத் தட்டிப் பார்த்தாள். அவனுடைய சொத்தில் எட்டில் ஒரு பங்கு அநியாயமாய் வந்ததென்றால்கூட, நாலத்தனையாகக் கொடுத்த பின் மீதிப் பாதியும் முடிந்துவிடும். மீதிப் பாதியை இயேசு ஏன் கேட்கவில்லை என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்த நாங்கள் பேசாமல் இருந்தோம்.

ஜோன் வெஸ்லியின் 28 பவுண் கதையைச் சிலர் கேட்டிருப்பீர்கள். அவர் பிரசங்கத்தில் சொல்லும் ஒக்ஸ்போர்ட் வாலிபன் (அது அவரேதான் என்பார்கள்) வருமானம் 30 பவுணாக இருந்தபோது 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தான். 120 ஆனபோதும் 28இல் வாழ்ந்து 92ஐக் கொடுத்தான். கொடுத்தலைப் பற்றி நாம் அவரை நினைக்கிறோம். ஆனால் பணத்தைப் பயன்படுத்துவது பற்றி 1760இல் வெளிவந்த அவருடைய பிரசங்கம், கொடுத்தலுக்கு வருமுன் சம்பாதிப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறது. அயலானின் உடலுக்கோ பொருளுக்கோ ஆத்துமாவுக்கோ கேடு செய்து சம்பாதிக்கக்கூடாது. மற்றவனின் தொழிலைக் கெடுக்க விலையைக் குறைத்து விற்பதுகூடத் தவறு என்கிறார். குறைத்து வாங்கி மகிழ்கிறவர்களைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

முறைப்பாடு செய்யலாம் என்று எங்களில் இரண்டு பேர் சொன்னார்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றார். தன் பெயரும் வரக்கூடாது என்றார். அது அவருடைய வாழ்க்கை, முடிவும் அவருடையது. ஆகவே எங்கள் கையில் இருந்த முனையைப் பிடித்தோம். சபையின் சாப்பாட்டுப் பொறுப்பைப் பார்க்கும் அன்ரியிடம் போனோம். அவர் எங்களை ஏசுவார் என்று எதிர்பார்த்தோம். கேட்டு முடித்துவிட்டு, "பிள்ளையள், நாங்கள் ஒவ்வொருமுறையும் குறை குறை எண்டு நிண்டால் அவர் எங்கே குறைக்கிறது? இறைச்சிக்காரன் குறைப்பானோ, வாடகை குறையுமோ?" என்றார்.

அன்ரியே முதலாளியிடம் போய், ஒளிவிழாச் சாப்பாட்டுக்கு விலை கேட்டார். சமைக்கிற, பரிமாறுகிற எல்லோருக்கும் சட்டப்படி சம்பளம் கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்றுதான் கேட்டாராம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, பிறகு ஒரு துண்டில் 15 என்று எழிதிக் கொடுத்தாராம். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கவில்லையாம்.

150 பேருக்கு 450 டொலர் கூடுகிறது. ஆட்டிறைச்சிக்குப் பதில் கோழி, பாயாசம் இல்லை என்று அன்ரி ஒரு பக்கம் குறைத்தார். வாலிபர் டீ-ஷர்ட்டுக்குச் சேர்த்த காசை நாங்கள் கொடுத்தோம். அதற்கும் எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது, டிசைன் ஏற்கெனவே தயாராக இருந்ததால்.

போன கிழமை தம்பியின் உறையில் மணித்தியாலத்துக்கு 14 டொலர் கணக்கில் இருந்ததாம். சம்பளத் துண்டு இன்னும் இல்லை. ஒளிவிழா அன்று முதலாளியையும் குடும்பத்தையும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.