ஒரு வடமும் ஓர் ஒலிபெருக்கியும்

எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. அதன் கரைகளில் மீனவக் குப்பங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறியிருக்கின்றன. இத்தகைய சிற்றூர்களுக்கு அதிவேக இணையம் ஏன் தாமதமாகவே வந்து சேர்கிறது? வடம் பதிக்கும் செலவு தூரத்தைப் பொறுத்தது. வருவாயோ வீடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தூரம் மிகுந்து வீடுகள் குறையுமிடத்தில் வணிக நிறுவனங்கள் தயங்கவே செய்யும்.

ஆகவேதான், சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடியிழை வடத்தால் இணைக்கும் திட்டத்துக்கு 2011இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இன்று அதன் பெயர் பாரத்நெட். எனினும், ஊராட்சி அலுவலகம் வரை வந்த வடம் கடைசிக் குப்பத்தையும் எட்ட வேண்டுமே!

இதற்குப் புதுச்சேரியில் ஒரு முன்மாதிரி உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கி, அவற்றை வில்லியனூருடன் வானொலி அலைகளால் இணைத்தது. யாவருக்கும் பேதமின்றித் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் பெற்ற அலை உயர விவரம், வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு வீடு கணினி இல்லை. ஆயினும் செய்தி அனைவரையும் எட்டியது.

2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலை குறித்துத் தொலைபேசியில் எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. ஊரார் வெளியேறி உயிர் பிழைத்தனர்.

வாசகர்களே! வீட்டுக்கு வீடு இணைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியிலோ நூலகத்திலோ பொதுவான ஓர் இணைப்பு வேண்டுமெனக் கிராம சபையில் கேளுங்கள். புயல் எச்சரிக்கையும், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பமும் அந்த ஒரு வடத்தின் வழியே ஊருக்குள் வந்து சேரும்.