கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் சாவியைத் தொடாதீர்கள்!

படப்பை:-

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் கார் "டக்" என்கிறது. அதோடு சரி! உடனே பலரும் செய்வது என்ன? மறுபடி திருப்புவது. மறுபடியும் திருப்புவது.

வெயில் காலத்தில் இதனால் தீர்ந்து போவது பேட்டரி. மழைக் காலத்தில் தீர்ந்து போவது எஞ்சின்!

வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் கார்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரானது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆனால் காரைத் தயாரிக்கும் ஊர்ப்பக்கம் இருந்தாலும், நின்ற கார் நின்றதுதான். ஏன் நின்றது என்பதை அதன் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

முதல் சந்தேகம் பேட்டரி

"டக் டக் டக்" என்று வேகமாகச் சத்தம் வந்தால் பேட்டரியில் சக்தி இல்லை. "லைட் நல்லாத்தானே எரியுது, பேட்டரி எப்படி டவுன் ஆகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் ஏமாறுகிறார்கள். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றுக்குச் சுமார் 5 ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். லைட் எரிவது பேட்டரிக்கு நற்சான்று ஆகாது.

சாவியைத் திருப்பும்போது லைட் மங்கி அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் குற்றவாளி பேட்டரி அல்லது அதன் டெர்மினல். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் காலி.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் கரண்ட் போகாது. ஒயரைக் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் துடைத்து, இறுக்கி மாட்டினாலே பல கார்கள் கிளம்பிவிடும். புது பேட்டரி செலவு மிச்சம்!

ஒரே ஒரு "டக்"

லைட் மங்கவில்லை, ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்கிறது என்றால் செல்ஃப் மோட்டார் மேல் சந்தேகப்படலாம். சத்தமே இல்லை என்றால் பியூஸ், ஒயர், சாவி ஸ்விட்ச் இவற்றைப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருக்கிறதா? மற்ற கார்களில் கிளட்ச் முழுதாக மிதிபட்டிருக்கிறதா? பதற்றத்தில் இதை மறந்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு.

நாலு நாள் நிறுத்தி வைத்த காரில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம். பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. அப்படியானால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. எரிபொருள் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி வரவில்லை. சாவியைப் பாதி திருப்பினால் பெட்ரோல் கார்களில் பின் சீட்டுப் பக்கம் பம்ப் ஓரிரு விநாடி "உய்ங்" என்னும். அது கேட்காவிட்டால் பம்ப்பையும் அதன் பியூசையும் சோதிக்க வேண்டும். டேஷ்போர்டில் சாவிப் படம் விடாமல் மின்னினால், கார் தன் சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். மாற்றுச் சாவி போட்டுப் பார்க்கலாம்.

எதுவானாலும் ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. நடுவில் அரை நிமிடமாவது விட வேண்டும்.

எமன் தண்ணீரில்

இத்தனையும் காய்ந்த காருக்கு. நனைந்த காரின் கதை வேறு!

2015 டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. படப்பை, மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் சேரும் அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் அந்தப் பக்கம் வெள்ளம் சூழ்ந்தது.

தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதுதான் மனித சுபாவம். அதில்தான் ஆபத்து. எஞ்சின் காற்றை அழுத்தி ஓடுகிறது. தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், கனெக்டிங் ராடு வளையும். பிளாக்கே உடைவதும் உண்டு. சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை லட்சக் கணக்கில் போய் நிற்கும்.

இன்சூரன்சிலும் இடி! "வெள்ளத்தால் வந்த சேதத்துக்குப் பணம் உண்டு, ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்ததற்கு இல்லை" என்று கம்பெனிகள் கையை விரிப்பதுண்டு. நுகர்வோர் கோர்ட்டு வரை போன வழக்குகளும் உண்டு. எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்புக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியவர்களுக்கே ஓரளவு நிம்மதி.

செய்ய வேண்டியது

தண்ணீர் எந்த அளவு நின்றது என்பது தெரியும்படி போட்டோ எடுங்கள். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். இன்சூரன்சுக்குத் தகவல் சொல்லி, காரை ஏற்றி அனுப்புங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. அதுவும் எஞ்சினைச் சுற்றும் வேலைதான்.

ஒர்க்ஷாப்பில் முதலில் ஏர் பில்டரைப் பார்ப்பார்கள். அது நனைந்திருந்தால் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் வாசலில் தண்ணீர் ஏறும் பகுதிகளில் குடியிருப்பவர்கள், காரை முன்கூட்டியே மேட்டில் நிறுத்துவது நல்லது. நிறுத்த முடியாமல் போனாலும் பரவாயில்லை. சாவியை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்!