சாமியும் கும்பிடுவார், சண்டையும் போடுவார்... ஸ்ரீபெரும்புதூர் பையனின் கதை!

கோயிலுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். ஆனால், பரீட்சை அன்று காலையில் நெற்றியில் விபூதி பளிச்சென்று இருக்கும். சாதி கூடாது என்று ஸ்டேட்டஸ் வைப்பான். சொந்தக்காரர் கல்யாணத்தில் உட்கார்ந்து 'நம்ம ஆளுங்க' என்று பெருமையும் பேசுவான். "இவன் எந்தப் பக்கம்னே புரியலையே!" என்று புலம்பும் அப்பா அம்மாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டிய கதை ஒன்று, நம் ஒரகடம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டு, கொஞ்ச காலம் முன்புவரை பலருக்குத் தெரியாத கிராமம். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. ரோமானிய மதுச்சாடியின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. சுற்றிலும் கார் தொழிற்சாலைகள், ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்கள். நடுவில் மண்ணுக்கடியில் கற்காலம்! பழசும் புதுசும் இப்படி இடித்துக்கொண்டு நிற்கிற இதே வட்டாரத்தில், ஒரகடத்தைத் தாண்டிப் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1017-ல் அங்கே பிறந்தவர் ராமானுஜர்.

எம்பெருமானார், உடையவர் என்றெல்லாம் இன்று வணங்குகிறோம். வீட்டில் அவருக்கு வைத்த பெயர் இளையாழ்வார். பதினாறு வயதில் கல்யாணம், சீக்கிரமே அப்பாவின் மரணம், பிறகு குடும்பத்தோடு காஞ்சிபுரத்துக்குக் குடிபெயர்ப்பு. வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது. இன்றைய கணக்கில் பிளஸ் ஒன் படிக்கிற பையன்!

காஞ்சியில் யாதவப்பிரகாசர் என்ற பெரிய வேதாந்த ஆசிரியரிடம் சேர்ந்தார். பிரச்னையும் அங்கேதான் ஆரம்பித்தது. ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உபநிடதத்தில் வரும் 'கப்யாசம்' என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது. இறைவனின் கண்ணை வர்ணிக்கும் இடம். 'கபி' என்றால் குரங்கு. ஆகவே குரங்கின் பின்புறம்போலச் சிவந்த தாமரைக் கண் என்றார் ஆசிரியர். மாணவரின் கண்ணீர் சூடாக ஆசிரியரின் தொடையில் விழுந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, 'கபி' என்பது நீரைக் குடிக்கும் சூரியன், சூரியனால் மலர்ந்த தாமரை என்பதே பொருள் என்று பதில் வந்தது.

பெரிய வாத்தியாருக்கு முன்னால் சின்னப் பையன் இப்படிப் பேசலாமா? இதுபோல மோதல்கள் தொடர்ந்தன. கடைசியில் காசி யாத்திரை போகிற சாக்கில் இவரைத் தீர்த்துக்கட்டவே திட்டம் போட்டார்களாம். சித்தி மகன் கோவிந்தன் காதில் போட்டுவைத்ததால், விந்தியக் காட்டில் தப்பித்துக் காஞ்சிக்குத் திரும்பினார் என்கிறது கதை.

திரும்பி வந்தவர் யாரைக் குருவாகத் தேடினார் தெரியுமா? பூந்தமல்லியிலிருந்து வந்து வரதராஜப் பெருமாளுக்கு விசிறி வீசிய திருக்கச்சி நம்பியை. நம்பி பிராமணர் அல்ல. வேதம் ஓதும் குலத்தில் பிறந்தவருக்கு நான் குருவாவதா என்று அவரே மறுத்துவிட்டார். ராமானுஜர் விடவில்லை. வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தான் சாப்பிட வேண்டும் என்பது ஆசை. ஆனால், ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். மனைவி தஞ்சமாம்பாள் இலையைத் தூக்கி எறிந்து, இடத்தைக் கழுவி, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்திருந்தார்.

ஆயிரம் வருடக் கதை என்று சொன்னாலும், இந்தச் சமையலறைக் காட்சியைப் படிக்கும்போது சுருக்கென்கிறது. வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றனவே!

ஆனால், தஞ்சமாம்பாளை மட்டும் குற்றவாளி ஆக்கவும் மனம் வரவில்லை. அந்தக் காலத்து மனைவிக்குச் சொல்லித்தந்த ஆசாரத்தைத்தான் அவர் செய்தார். பிற்பாடு மனக்கசப்பு முற்றியபோது, அவருடைய அப்பா எழுதியதுபோல ஒரு கடிதம் தயாரித்து, அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் ராமானுஜர் துறவு வாங்கினார் என்று அதே நூல்கள் சொல்கின்றன. மனிதரில் உயர்வு தாழ்வு இல்லை என்றவர், வீட்டுக்காரியிடம் உட்கார்ந்து பேசியிருக்கக் கூடாதா? எனக்கு இந்த இடம் இடிக்கவே செய்கிறது.

பெரியவர் ஆன பிறகும் முரண்பாடு தீரவில்லை. திருக்கோஷ்டியூரில் குரு ரகசியம் என்று சொல்லிக்கொடுத்த மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னதாகப் புகழ் பெற்றவர் அவர். கர்நாடகத்தின் மேல்கோட்டையில் ஒடுக்கப்பட்ட மக்களைத் 'திருக்குலத்தார்' என்று அழைத்துக் கோயிலுக்குள் வரச்செய்ததாகவும் சொல்வார்கள். ஆனால், அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், சூத்திரருக்கு வேதம் கற்கும் உரிமை இல்லை என்ற பழைய முடிவை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். கோபுரத்தில் ஏறியவரும் அவரே, கீழே கதவை மூடியவரும் அவரே.

இதனால்தானோ என்னவோ, அவரை எல்லோராலும் சொந்தம் கொண்டாட முடிகிறது. கடவுள் மறுப்பு இயக்கத்தில் வளர்ந்த கருணாநிதி, 90 வயதைத் தாண்டிய பிறகு, 2015-ல் ராமானுஜர் வாழ்க்கையைக் கலைஞர் தொலைக்காட்சிக்குத் தொடராக எழுதினார். ஹைதராபாத் அருகே 216 அடி உயரச் சிலையாக நிற்கும் அதே ராமானுஜரை 2022 பிப்ரவரியில் திறந்துவைத்தவர் பிரதமர் மோடி. சிலைக்குப் பெயர் 'சமத்துவச் சிலை'. அரசியலில் எதிரும் புதிருமான இரண்டு பேருக்கும் ஒரே ஸ்ரீபெரும்புதூர்க்காரர்!

அந்தக் கோபக்கார வாத்தியார் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. வயதான யாதவப்பிரகாசரிடம் அவருடைய அம்மா, "அந்தப் பையனிடமே போய்ச் சேர்" என்றாராம். அவரும் போனார். எந்த மாணவனைக் கொல்ல நினைத்தாரோ, அவரிடமே சீடராகச் சேர்ந்து கோவிந்த ஜீயர் என்று பெயர் பெற்றார். துறவிகளின் ஒழுக்கம் பற்றி ஒரு நூல் எழுதும்படி ராமானுஜர் சொல்ல, அந்த வயதில் உட்கார்ந்து 'யதிதர்ம சமுச்சயம்' எழுதி முடித்தார்.